பதினாலாம் மாடியில் ஆறு குழல்கள்

துவக்கைக் கண்டு பயந்து ஓடிவந்த சனங்களால் நிரம்பிய இந்த ரொறன்ரோ நகரத்தில், துவக்கைக் கண்டு பரிதாபப்பட்ட ஒரே தமிழர் திறீநொட்திறீ அண்ணைதான். இதை எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுவேன். மூன்று வருடம் அவர் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் குடியிருந்தார். அந்த மூன்று வருடத்தில் எனக்கு நரைத்த முடிகளில் பாதிக்கு அவரே பொறுப்பு. மீதிப் பாதியை இவருடைய கணக்கில் போட்டிருக்கிறேன். இவர் என்றால் என்னைக் கட்டியவர்.

அப்போது நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு குசினி, எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு பல்கனி. மற்ற அறைக்கு ஆள் தேடியபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் ஒரு சூட்கேசோடு வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் குடிக்குமுன் சட்டைப் பையிலிருந்து ஒரு வேர்னியர் அளவுகோலை எடுத்துக் கோப்பையின் வாயை அளந்தார். அப்போதே நான் உசாராகியிருக்க வேண்டும்.

"அண்ணைக்கு எங்கை வேலை?" என்று இவர் கேட்டார்.

"மிசிசாகாவிலை. துவக்கு வேலை."

இவருக்குத் தேத்தண்ணி புரையேறியது. நான் குசினி வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ தம்பி. பழைய ஆமித் துவக்குகளைச் சின்னனாக்கிற வேலை."

பிறகு விளக்கினார். விமான நிலையத்துக்குப் பின்பக்கம் வால்ற்றர் என்ற வெள்ளைக்காரக் கிழவருக்கு லைசன்ஸ் உள்ள ஒரு துவக்குத் திருத்துகிற கடை. பழைய யுத்தங்களில் வெள்ளைக்காரப் பட்டாளம் தோளில் சுமந்த துவக்குகள் அங்கே வரும். ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ற்றை இழுத்துத் தள்ள வேண்டிய பழைய சாமான்கள். தோட்டா விரல் நீளம் இருக்கும். சுட்டால் தோள்மூட்டு கழன்றுவிடும். விவசாயிகளும் குறிபார்த்துச் சுட்டுப் பழகுகிறவர்களும் அவற்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அண்ணை லேத் மெசினில் அதன் குழலை அகலமாகத் துளைத்து, உள்ளே வேறொரு மெல்லிய குழலைச் செருகி ஒட்டுவார். அதன்பிறகு அந்தத் துவக்கு ஒரு விரற்கணு அளவுத் தோட்டாவைத்தான் தின்னும். ஆள் சுட்ட துவக்கு முயல் சுடுகிற துவக்காகிவிடும்.

"பெரிய சத்தத்தை எடுத்துப்போட்டுச் சின்னச் சத்தம் வைக்கிறது. அவ்வளவுதான் பிள்ளை," என்றார் என்னைப் பார்த்து. "பாவம், அதுகள் பெரிய துவக்காய் இருந்து என்னத்தைக் கண்டதுகள்."

துவக்குக்கே பாவம் பார்க்கிற மனிதரிடம் அறை இல்லையென்று எப்படிச் சொல்வது. சாவியைக் கொடுத்தோம்.

அந்தப் பழைய துவக்குக்கு ஊரில் திறீநொட்திறீ, அதாவது 303, என்று பெயர். பொலிஸ்காரர் தூக்கிக்கொண்டு திரிவார்கள். அதனால் அண்ணைக்கும் அதுவே பெயராகிப் போனது. அவருடைய சொந்தப் பெயரை ஒரே ஒருநாள், பொலிஸ் வந்த அன்று, லைசன்ஸ் அட்டையிலிருந்து வாசிக்கக் கேட்டேன். பயத்தில் அதையும் மறந்துவிட்டேன்.

இதில் பெரிய வேடிக்கை, மனிதர் வாழ்க்கையில் துவக்கால் ஒரு வெடிகூட வைத்ததில்லை. சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. திருத்திய துவக்கை வால்ற்றர் சுட்டுப் பார்க்கும்போது, அண்ணை கடைக்கு வெளியே போய்க் கார் தரிப்பிடத்தின் கடைசியில் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நிற்பாராம். எங்கள் வீட்டில் குக்கர் விசிலடித்தாலும் அறைக்குள்ளிருந்து "பிள்ளை, உதைக் கொஞ்சம் சின்னனாக்க ஏலாதோ?" என்று குரல் வரும்.

சின்னனாக்குவது அவருக்கு வேலை மட்டும் என்றால் பரவாயில்லை, வியாதியாகவும் இருந்தது. குளியலறைக் குழாய்க்குள் ஒரு வளையத்தைச் செருகினார். மூன்று நாளாகத் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. இவர் தலையில் சவர்க்காரத்தோடு நின்று கத்தினார். மிளகாய்த்தூள் போத்தலின் வாயில் ஒரு தகரத்தைப் பொருத்தினார். ஒரு கறிக்குத் தூள் தட்டி முடிய எனக்குக் கை உளைந்தது. கேட்டால், "அளவாய் வந்தால் ஆருக்கும் தீங்கில்லை" என்பார்.

கடைசியில் என் புட்டுக்குழலில் கை வைத்தார்.

நாங்கள் ஒரு குழல் புட்டை முடிக்க மாட்டாமல் மிச்சம் விடுவதை அவர் ஆறு மாதமாகக் கவனித்திருக்கிறார். ஒருநாள் எனக்குத் தெரியாமல் குழலைக் கடைக்குக் கொண்டுபோய், உள்ளே ஒரு சில்வர்க் குழலை இறுக்கி அடித்துக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மார்க்கம் என்ற பக்கத்து ஊரிலிருந்து விருந்தாளிகள். நான் பெருமையாகக் குழலைத் தள்ளுகிறேன், மெழுகுதிரி மொத்தத்தில் புட்டு வருகிறது. வந்த அன்ரி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை வீட்டிலை டயற் சாப்பாடு?"

விருந்தாளிகள் போனபிறகு நான் ஆடிய ஆட்டத்தை எதிர்க் கட்டடத்தில் இருந்தவர்களும் கேட்டிருப்பார்கள்.

"அண்ணை, உங்களுக்குத் துவக்குக் காணாதெண்டே என்ரை புட்டுக்குழலிலை கை வைச்சனீங்கள்?"

"கோவிக்காதையும் பிள்ளை. இனி மிச்சம் வராது, பாரும்."

"கழட்டித் தாங்கோ உதை."

"அது கழராது. நான் போட்டது," என்றார் மிகுந்த அடக்கத்தோடு.

உண்மையிலேயே கழரவில்லை. இவர் சுத்தியலோடு ஒரு பின்னேரம் முழுக்கப் போராடிப் பெருவிரலை நசித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இப்படி அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் நாங்கள் மார்க்கத்தில் ஒரு வீடு வாங்கினோம். மே மாத முடிவில் குடிபோவதாக ஏற்பாடு. வாடகை வாங்குகிற கட்டடக் கந்தோருக்குக் காலி செய்வதாக நோட்டீஸ் கொடுத்தாயிற்று. எங்கள் அப்பாட்மென்றை வேறொரு குடும்பத்துக்கு எழுதியும் விட்டார்கள். அண்ணையும் வேறு அறை பார்க்கிறேன் என்று தலையாட்டியிருந்தார். அப்போதெல்லாம் எனக்குக் கனவிலும் மார்க்கத்துக் குசினிதான் வரும்.

அது வன்னியில் யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த வருடம். திறீநொட்திறீ அண்ணைக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அவருடைய தங்கச்சி. தங்கச்சி, அவளுடைய புருசன், இரண்டு பெண்பிள்ளைகள், ஆக நாலு பேர். நாலு பேரும் அந்த யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தார்கள். தை மாதம் ஒருதரம் போன் எடுத்தாள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

அவளிடம் இருந்தது எங்கள் வீட்டுப் போன் நம்பர் ஒன்றுதான். குசினிச் சுவரில் சுருள் வயரோடு தொங்கிய பழைய போன். தை மாதம் கதைத்தபோது அண்ணை வேறொன்றும் பேசவில்லை. நம்பரை அவளைக்கொண்டு பத்துத் தரம் சொல்லுவித்தார். "கடுதாசி தொலையும். நீ பாடமாக்கு," என்றார். அவள் சொல்லச் சொல்ல, இங்கே அண்ணை கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அதோடு லைன் அறுந்தது.

மார்க்கத்துக்கு அந்த நம்பரைக் கொண்டுபோக முடியாது என்று போன் கொம்பனி சொல்லிவிட்டது. அங்கே வேறு இலக்கத்தில்தான் தொடங்குமாம். "பரவாயில்லை அண்ணை, இந்த நம்பருக்கு வாறதைக் கொஞ்சநாளைக்கு மற்ற நம்பருக்குத் திருப்பிவிடச் சொல்லுவம்," என்று இவர் யோசனை சொன்னார். அண்ணை தலையை இடம்வலமாக ஆட்டினார்.

"தம்பி, ஒரு பொருத்துக் கூடினால் ஒரு பிசகு கூடும். நான் முப்பது வருசமாய்ப் பாக்கிறன். நேர்க் குழல்தான் நம்பிக்கை."

போகவேண்டாம் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை பிடித்து மனதை ஆற்றியிருப்பேன். மனிதர் பேசாமல் இருந்தார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பெட்டியில் சாமான் அடுக்குவதும், அவர் போனுக்குக் கீழே முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுமாக நாள் போனது. கலண்டரில் நான் மே முப்பத்தொன்றைச் சுற்றி வட்டம் போட்டிருந்தேன். அதைத் தாண்டிப் போகும்போது அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பகலில் நாங்கள் மூவரும் வேலைக்குப் போய்விடுவோம், போனை யார் எடுப்பது. அண்ணை வால்ற்றரிடம் கேட்டு ஒரு ஏற்பாடு செய்தார். துவக்கு கடையில் இருக்கும், வெறும் குழல்களை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை செய்வார். தனிக் குழல் என்றால் அது வெறும் இரும்புக் குழாய், சட்டத்தில் பிழை இல்லை என்று எனக்கு லைசன்ஸ் புத்தகத்தைத் திறந்து காட்டினார். எனக்குச் சட்டம் ஒன்றும் உறுத்தவில்லை, என் குளியல்தொட்டிதான் உறுத்தியது. பழைய பட்டாளத்துக் குழலைச் சுத்தப்படுத்தக் கொதிதண்ணி ஊற்ற வேண்டுமாம். என்னுடைய கேத்திலில் கொதிக்கவைத்து, குழலைத் தொட்டிக்குள் நிறுத்தி, மேல் வாயால் ஊற்றுவார். கீழ் வாயால் ஒரு கறுப்புத் தண்ணி வரும். அதில் எத்தனை யுத்தத்தின் அழுக்கோ. தொட்டியை உரஞ்சியவள் நான்.

போன் வந்தால் என்ன கேட்பது என்பதற்கு ஒரு பட்டியல் எழுதினார். முதலில் ஐம்பது கேள்வி. பிறகு யாரோ சொன்னார்கள், யுத்தத்திலிருந்து தப்பி வந்தவர்களை வைத்திருக்கும் காம்ப்களில் ஒரு போனுக்கு நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஒரு ஆளுக்கு ஒரு நிமிசம்கூடக் கிடைக்காது என்று. அதற்குப் பிறகு மனிதர் தன் வியாதியைக் காட்டத் தொடங்கினார். ஐம்பதைப் பன்னிரண்டாக்கினார். பன்னிரண்டை ஐந்தாக்கினார். வேர்னியரைக் கீழே வைத்துவிட்டு, கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். கடைசியில் ஒருநாள் போனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த கடுதாசியில் இரண்டே இரண்டு சொல் மிஞ்சியிருந்தது.

"எத்தினை பேர்?"

"உதாலை என்ன அறியப்போறியள் அண்ணை?" என்று கேட்டேன்.

"நாலு எண்டு சொல்லுவாள். அதோடை எல்லாம் வந்திடும் பிள்ளை. மிச்சத்தைப் பிறகு கேக்கலாம்."

நாலு என்று சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படியொரு கேள்வியை வாயால் சொல்ல யாருக்கு மனம் வரும்.

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை. காலை பத்து மணி. இவர் சாமான் வாங்கப் போயிருந்தார். வெளியே நல்ல வெயில். குழலுக்குள் ஒட்டிய பசை காயவேண்டும் என்று அண்ணை ஐந்து குழல்களைப் பல்கனிக் கம்பியில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். நான் கழுவிய புட்டுக்குழலையும், சூரிய ஒளியை ஏன் வீணாக்குவான் என்று, அந்த வரிசையின் முடிவில் வைத்துவிட்டேன். ஆறு குழல்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த நாட்களில் எங்கள் சனம் யுத்தத்தை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தது. ரீவியில் காலையும் மாலையும் எங்களைக் காட்டினார்கள். அப்படியான நேரத்தில், ஒரு தமிழ் வீட்டுப் பல்கனியில் ஆறு குழல்கள் வானத்தை நோக்கி நிற்பதை எதிர்க் கட்டடத்தில் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

கதவு தட்டுப்பட்டது. திறந்தால் இரண்டு பொலிஸ். ஒருவர் நிலைக்கதவு உயரம், மற்றது ஒரு பெண்.

"பல்கனியில் இருப்பவை என்ன?" என்று உயரமானவர் இங்கிலீசில் கேட்டார்.

பயம் வந்தால் எனக்கு வாய்தான் முதலில் ஓடும். "சேர், ஃபைவ் இஸ் ஹிஸ் வேர்க், வன் இஸ் மை பிரேக்ஃபாஸ்ட்," என்றேன்.

அவருக்கு அடியும் விளங்கவில்லை, நுனியும் விளங்கவில்லை. கை இடுப்புக்குப் போனது. எல்லாரும் அசையாமல் நில்லுங்கள், கைகளைத் தெரியும்படி வையுங்கள் என்றார். அண்ணை பல்கனி வாசலில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினார். தூக்கிய கையில் பசைத் துணி இருந்தது. அந்தப் பெண் மெதுவாகப் போய் அவருடைய சட்டைப் பையிலிருந்து லைசன்ஸ் அட்டையை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். உயரமானவர் பல்கனிக்குள் போய்க் குழல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஐந்தையும் பார்த்துவிட்டு ஆறாவதைத் தூக்கினார். அதற்குள்ளே கண்ணை வைத்துப் பார்த்தார். மனிதருடைய முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குசினிச் சுவரில் போன் அடித்தது.

அண்ணை கையைத் தூக்கியபடியே போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டாம் மணி அடித்தது. யாரும் ஒன்றையும் தொடவேண்டாம் என்று உயரமானவர் பல்கனியிலிருந்து சொன்னார். மூன்றாம் மணி. இலங்கையில் அப்போது இரவு ஏழரை. வரிசையில் நூறு பேர் நிற்கிற போன், இந்தப் பக்கம் எடுக்காவிட்டால் அடுத்த ஆளின் கைக்குப் போய்விடும். நாலாம் மணி.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. வாழ்க்கை முழுக்க இவரோடும் அண்ணையோடும் வீணாய்ச் செலவழித்த கோபத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

"சேர், யூ வாண்ட் ஷூட், ஷூட். ஐ ஆன்ஸர் திஸ் ஃபோன்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

"மேடம்," என்றார் உயரமானவர். நான் எடுத்துவிட்டேன்.

இரைச்சல். பலபேர் கதைக்கிற சத்தம். அதற்குள்ளே ஒரு பெண் குரல்.

"ஹலோ, அண்ணை நிக்கிறாரோ? கெதியாய்க் குடுங்கோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

சுருள் வயரை இழுத்துக்கொண்டு ஓடினேன். அது இழுபட்டு இழுபட்டு, அறுந்துவிடும் போலப் பல்கனி வாசல்வரைக்கும் வந்தது. அண்ணையின் கைகள் இன்னும் மேலேதான் இருந்தன. நான் குதிக்காலை உயர்த்திப் போனை அவருடைய காதில் அழுத்திப் பிடித்தேன். மனிதர் குசினிச் சுவரில் ஒட்டிய கடுதாசியையே கண்ணால் தேடினார். "கேளுங்கோ அண்ணை," என்று அவருடைய முதுகில் ஒன்று வைத்தேன்.

"எத்தினை பேர்?" என்றார்.

"மூண்டு," என்றது குரல். எனக்கும் கேட்டது. "மூண்டு பேர் அண்ணை, இஞ்சை" என்று தொடங்கியதோடு லைன் அறுந்துபோனது.

கையைக் கீழே விடலாம் என்று அந்தப் பொலிஸ் பெண் இரண்டு தரம் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. பிறகு அவளே அவருடைய கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள். நல்ல செய்தியா என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை. வால்ற்றருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, இனிப் பல்கனியில் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உயரமானவர் என் புட்டுக்குழலை இரண்டு கையாலும் என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

மூன்று. தங்கச்சியின் குரலைக் கேட்டோம், ஆகவே அவள் ஒன்று. மீதி இரண்டு யார்? இல்லாத ஒருவர் யார்? மச்சானா, மூத்தவளா, இளையவளா? அண்ணை முக்காலியில் உட்கார்ந்து அந்த இரண்டு சொல் கடுதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளவுக்கு மிஞ்சிச் சின்னனாக்கிப் போட்டன் பிள்ளை," என்றார். "ஆர் ஆர் எண்டு கேட்டிருக்க வேணும். அதுவும் ரெண்டு சொல்லுத்தானே."

பிறகு சொன்னார், "மச்சானாய் இருக்கட்டும் எண்டு நினைக்கிறன். உடனை அவன்ரை முகம் வருது. நல்லவன் அவன். ஆரை விடுறதெண்டு நினைக்க ஏலாமல் கிடக்குது." அவர் அழுதார். நானும் அழுதேன். அதுவரை நான் அவருக்கு முன்னால் கத்தியிருக்கிறேன், அழுததில்லை.

அன்று பின்னேரம் கலண்டரைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் போட்டேன். திங்கட்கிழமை கட்டடக் கந்தோருக்குப் போனேன். நோட்டீசைத் திருப்பித் தா என்றேன். அப்பாட்மென்ற் வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்றான் அங்கிருந்தவன். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மதியம்வரை உட்கார்ந்தேன். மதியத்துக்குப் பிறகு கதைத்தேன். மூன்று மணிக்கு அந்தக் குடும்பத்துக்குப் பதினோராம் மாடியில் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

"அப்ப மார்க்கத்து வீடு?" என்றார் இவர், வாயைப் பிளந்துகொண்டு.

"வீடு எங்கையும் ஓடாது. போன் ஓடிப்போடும். நீங்கள் போய் வீட்டைப் பாருங்கோ."

அப்படித்தான் இவர் கட்டிலில்லாத மார்க்கத்து வீட்டுக்குக் காவல், நான் பதினாலாம் மாடிப் போனுக்குக் காவல் என்றானது. நான் வேலை செய்த டோனட் கடையில் மாலை வேலைக்கு மாறிக்கொண்டேன். அண்ணையை அதட்டிப் பகல் வேலைக்கு அனுப்பினேன். வீட்டில் வைத்திருந்தால் ஆள் உடைந்துபோவார் என்று பயமாக இருந்தது. ஏனென்றால் மனிதர் எதையும் அளப்பதை நிறுத்திவிட்டார். தேத்தண்ணியில் எத்தனை கரண்டி சீனி போடுகிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை. குக்கர் விசிலடித்தபோது பேசாமல் இருந்தார். அன்றைக்கு நான் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி, இனி வேண்டாமென்று மேல்தட்டில் தூக்கி வைத்தேன்.

இடையில் ஒருநாள் யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. போன் அடிக்காத வீட்டில் யுத்தம் எப்படி முடியும். அண்ணை எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஒன்றை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் புதிய பட்டியலை எழுதினார். இந்த முறை எதையும் வெட்டவில்லை. மூன்று தாள், அறுபத்திரண்டு கேள்வி. போனுக்குப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, "நீர் எடுத்தால் மேலையிருந்து கீழை வாசியும் பிள்ளை. எங்கை அறுந்தாலும் மேலை உள்ளதுதான் முக்கியம்," என்றார்.

பதினெட்டாம் நாள் காலை. நான் தனியே. அடுப்பில் புட்டு அவிகிறது. போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"அண்ணை இல்லையோ?" அவள்தான். இந்தமுறை இரைச்சல் குறைவு. காம்புக்கு வந்த ஒரு தாதி தன்னுடைய போனைக் கொடுத்தாளாம்.

"வேலைக்குப் போட்டார். நான் கேக்கிறன், நீர் சொல்லும்," என்று தாள்களைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தேன். முதல் கேள்வி. "அங்கை ஆர் ஆர் இருக்கிறியள்?"

"நானும் பிள்ளையள் ரெண்டும்."

மச்சான். நல்லவன் அவன் என்று அண்ணை சொன்னது காதுக்குள் கேட்டது. இரண்டாம் கேள்வியை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. வாசித்தேன். "மற்ற ஆள் எங்கை?"

"அவருக்குக் காலிலை காயம். முதலே கப்பலிலை ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோட்டினம். இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாமல் கிடந்தம். நேற்றுத்தான் கதைச்சனான் அக்கா. இருக்கிறார்."

நான் குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து மிச்சத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூத்தவளின் கண்ணாடி உடைந்ததா. இளையவள் இன்னும் கத்தரிக்காய் தின்னமாட்டாளா. செருப்பு இருக்கிறதா, என்ன அளவு. கத்தரிக்காயில் அவள் சிரித்தாள். அடுப்பில் புட்டுத் தண்ணி வற்றிச் சட்டி அடிப்பிடித்தது. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அறுபத்திரண்டாவது கேள்வி கேள்வியாக இருக்கவில்லை. கடைசித் தாளின் அடியில், சின்ன எழுத்தில், அண்ணை இப்படி எழுதியிருந்தார்: "போன் எடுக்கிற பிள்ளை சத்தம் போடுவா. பயப்பிடாதை. அவ எங்கடை ஆள்."

அதை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. எனக்கு வாசிக்கவே கஷ்டமாக இருந்தது.

லைன் வைத்ததும் கடைக்குப் போன் எடுத்தேன். வால்ற்றர் எடுத்தார். பின்னால் லேத் இரைந்துகொண்டிருந்தது. அது நின்றது. அண்ணை வந்து "ஓம்" என்றார்.

"நாலு," என்றேன்.

"வடிவாய் எண்ணினீரோ பிள்ளை?"

"ரெண்டுதரம் எண்ணினனான் அண்ணை."

அதன்பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவருக்குப் பிடித்த சின்னச் சத்தம்கூட இல்லை. நானும் போனை வைக்காமல் அப்படியே தரையில் இருந்தேன்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஓடிவிட்டன. நாங்கள் மார்க்கத்துக்கு வந்துவிட்டோம். புதுப் புட்டுக்குழல் ஒன்று வாங்கினேன், அது இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது. எங்கள் வீட்டுப் புட்டு மெழுகுதிரி மொத்தம்தான், மிச்சம் வருவதில்லை. தங்கச்சி குடும்பம் ஒருவழியாக இங்கே வந்து சேர்ந்து, இப்போது மிசிசாகாவில் அண்ணையோடு இருக்கிறது. மச்சான் கொஞ்சம் நொண்டி நடப்பார். நாலு பேருக்கும் நாலு கைபேசி, அதில் என் பெயரும் படமும் எல்லாம் இருக்கின்றன. என் நம்பரைப் பாடமாக்கி வைத்திருக்கவேண்டிய தேவை அவர்களில் ஒருவருக்கும் இப்போது இல்லை.

இருந்தாலும் சென் ஜேம்ஸ் ரவுண் நம்பரை, கைபேசிக்கு மாற்றலாம் என்று பிறகுதான் அறிந்து, என் கைபேசிக்கு எடுத்துக்கொண்டேன். யார் யாரோ விற்பனைக்காரர் எல்லாம் அதில் கூப்பிடுகிறார்கள், அதை மாற்றித் தொலையுமன் என்று இவர் மாதத்துக்கு ஒருதரமாவது சொல்வார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. எந்த நம்பர் வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.